தோள்பட்டைத் தடுப்பூசிக் காயம்: அமெரிக்க இழப்பீட்டுச் சட்டத்தின் வரலாறு

தடுப்பூசி போடும்போது ஊசி உரிய தசைக்குள் செல்லாமல் தோள்மூட்டை ஒட்டிய பகுதிக்குள் இறங்கினால், நீண்ட நாள் வலியும் கையைத் தூக்க இயலாமையும் ஏற்படலாம். மருத்துவ உலகில் இது ‘சிர்வா’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. ‘தடுப்பூசி செலுத்துதலோடு தொடர்புடைய தோள்பட்டைக் காயம்’ என்பது அதன் விரிவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் காயம் 2017 முதல் கூட்டரசின் தடுப்பூசிக் காய அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. காயமடைந்தவர் செவிலியரின் தவற்றை நிரூபிக்காமலேயே இழப்பீடு பெற இது வழிசெய்கிறது.

இந்த இழப்பீட்டுக்கு அடிப்படையான சட்டம் 1986இல் குழந்தைகளை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. அப்போது பேசப்பட்டது மூளைப் பாதிப்பும் வலிப்பு நோயும்தான். தோள்பட்டையைப் பற்றி எவரும் பேசவில்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் அத்திட்டத்துக்கு வரும் மனுக்களில் பாதிக்கு மேற்பட்டவை பெரியவர்களின் தோள்பட்டைக் காயம் பற்றியவை. காயம் தடுப்பு மருந்தினால் வந்ததா, ஊசி போட்ட கையினால் வந்ததா என்ற கேள்வி 2020இல் இந்த உரிமையையே பறிக்கும் அளவுக்குச் சென்றது.

பின்னணி (1955–1985)

அமெரிக்காவில் தடுப்பூசி தொடர்பான இழப்பீட்டு வழக்குகளின் தொடக்கம் 1955ஆம் ஆண்டின் கட்டர் நிகழ்வு. கட்டர் ஆய்வகம் தயாரித்த இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியின் சில தொகுதிகளில் முழுமையாகச் செயலிழக்காத வைரஸ் இருந்தது. ஏறத்தாழ 200 பேருக்கு வாதம் ஏற்பட்டது. 10 பேர் இறந்தனர். 1958இல் கலிபோர்னியாவில் நடந்த வழக்கில், நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை என்றாலும் இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டது என்று ஜூரி தீர்ப்பளித்தது. தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்ற கருத்து தடுப்பூசி வழக்குகளில் நுழைந்தது இவ்வாறுதான்.

1976இல் பன்றிக் காய்ச்சல் பரவும் என்ற அச்சத்தில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் அரசு நாடு தழுவிய தடுப்பூசி இயக்கத்தை அறிவித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பேற்க மறுத்ததால் உற்பத்தியாளர்கள் தயங்கினர். வழக்குகளை அரசே எதிர்கொள்ளும் என்று காங்கிரஸ் சட்டம் இயற்றிய பிறகுதான் ஊசி வெளிவந்தது. சுமார் 4.5 கோடிப் பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களுள் சிலருக்கு நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் கண்டதால் அவ்வாண்டு டிசம்பரில் இயக்கம் நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் அரசின் மீது வந்து சேர்ந்தன.

மூன்றாவது நெருக்கடி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகியவற்றுக்கு எதிரான முத்தடுப்பூசியால் வந்தது. இதன் கக்குவான் கூறு குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பை உண்டாக்குகிறது என்று 1982இல் வாஷிங்டனில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் கூறியது. பெற்றோர் அமைப்புகள் தோன்றின, வழக்குகள் பெருகின, உற்பத்தியாளர்கள் ஒவ்வொருவராக விலகினர். 1984 டிசம்பரில் பற்றாக்குறை காரணமாகப் பெரிய குழந்தைகளுக்கான தவணைகளைத் தள்ளிப்போடும்படி நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்க வேண்டியதாயிற்று.

1986ஆம் ஆண்டுச் சட்டம்

இந்நிலையில் காங்கிரஸ் தேசியக் குழந்தைப்பருவத் தடுப்பூசிக் காயச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிபர் ரொனால்டு ரீகன் 1986 நவம்பர் 14 அன்று அதில் கையொப்பமிட்டார். இழப்பீட்டுத் திட்டம் 1988 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உற்பத்தியாளர்களைச் சந்தையில் நிறுத்திவைப்பதும், காயமடைந்தவர்களுக்கு விரைவாகப் பணம் கிடைக்கச் செய்வதும் அதன் இரு நோக்கங்கள்.

இத்திட்டத்தின்படி காயமடைந்தவர் முதலில் உற்பத்தியாளர் மீதோ ஊசி போட்டவர் மீதோ வழக்குத் தொடுக்க முடியாது. அவர் வாஷிங்டனிலுள்ள கூட்டரசு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் மனு அளிக்க வேண்டும். எதிர்மனுதாரர் சுகாதார, மனிதநலத் துறையின் செயலர். அவருக்காக நீதித் துறை வழக்கறிஞர்கள் தோன்றுவர். ஸ்பெஷல் மாஸ்டர்கள் எனப்படும் சிறப்பு நடுவர்கள் ஜூரி இல்லாமல் விசாரித்து முடிவு கூறுவர். மக்கள் வழக்கில் இதற்குத் ‘தடுப்பூசி நீதிமன்றம்’ என்று பெயர். முடிவை ஏற்காதவர் அதன் பிறகு வழக்கமான நீதிமன்றத்தை நாடலாம்.

பணம் அரசின் பொது வரியிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு தடுப்பூசித் தவணையிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வீதம் ஆயத்தீர்வை வசூலித்து ஒரு பொறுப்பு நிதியில் சேர்க்கின்றனர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2.25 டாலர், ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட். வலிக்கும் மனவேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். இறப்புக்கு வழங்கும் தொகையும் அதுவே. மருத்துவச் செலவும் வருமான இழப்பும் தனி. மனு தோற்றாலும், அது நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் கொண்டுவரப்பட்டிருந்தால், வழக்கறிஞர் கட்டணத்தை நிதியே ஏற்கும்.

திட்டத்தின் உயிர்நாடி காய அட்டவணை. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் எதிரே சில காயங்களும், அவை தோன்ற வேண்டிய கால எல்லையும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. அந்த எல்லைக்குள் அந்தக் காயம் ஏற்பட்டால் தடுப்பூசியே காரணம் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். வேறு காரணம் உண்டென்று நிரூபிப்பது அரசின் வேலை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மனுதாரரே மருத்துவ வல்லுநர்களைக் கொண்டு காரணத் தொடர்பை நிறுவ வேண்டும். ஆகவே ஒரு காயம் அட்டவணையில் இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாடு பல ஆண்டு வழக்காடலுக்கும் அதைத் தவிர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு. அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் சுகாதாரத் துறைச் செயலரிடம் உள்ளது.

குழந்தைகளிடமிருந்து பெரியவர்களுக்கு

அந்த அதிகாரம் 1995இல் முக்கியமாகப் பயன்படுத்தப்பட்டது. முத்தடுப்பூசிக்கு எதிரே இருந்த வலிப்பு நோய் நீக்கப்பட்டது. மூளைப் பாதிப்பின் வரையறை இறுக்கப்பட்டது. சட்டத்துக்கே காரணமாயிருந்த காயங்களுக்கான வாயில் இதனால் குறுகியது. அறிவியலும் அதே திசையில் சென்றது. கக்குவான் ஊசிக்குப் பின் மூளைப் பாதிப்பு அடைந்ததாகக் கருதப்பட்ட 14 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுள் 11 பேருக்கு வலிப்பை உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்ததைக் காட்டியது. அடுத்து வந்தவை தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற 5,000க்கும் மேற்பட்ட மனுக்கள். 2009, 2010 ஆண்டுகளில் சோதனை வழக்குகளில் சிறப்பு நடுவர்கள் அவ்வாதத்தை நிராகரித்தனர்.

இதே காலத்தில் மற்றொரு மாற்றம் ஓசையின்றி நடந்தது. 2005 ஜூலை 1 முதல் ஆண்டுதோறும் போடப்படும் ஃப்ளூ ஊசி இத்திட்டத்தின் கீழ் வந்தது. சட்டத்தின் பெயரில் ‘குழந்தைப்பருவம்’ என்ற சொல் இருந்தாலும், குழந்தைகளுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர் எந்த வயதினராயினும் மனுச் செய்யலாம். 2010இல் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி பரிந்துரைக்கப்பட்டது. அதற்குள் எல்லா மாநிலங்களிலும் மருந்தாளுநர்கள் ஊசி போட அனுமதி பெற்றிருந்தனர். மருந்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் அலுவலகங்களிலும் கோடிக்கணக்கான பெரியவர்கள், சட்டைக் கையை மேலேற்றியோ கழுத்துப் பக்கம் விலக்கியோ, மேற்கையில் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினர்.

தோளில் நிகழ்வது

மேற்கையில் போடப்படும் ஊசி டெல்டாய்டு எனப்படும் முக்கோணத் தசையின் நடுப்பகுதியில் இறங்க வேண்டும். தோளின் நுனி எலும்புக்கு இரண்டு அல்லது மூன்று விரற்கடை கீழே, அக்குளின் மட்டத்துக்கு மேலே என்பது செவிலியர் பயிற்சியில் கற்பிக்கப்படும் அளவு. அந்த நுனி எலும்புக்கும் தசைக்கும் அடியில், தசைநாண்கள் உராயாமல் காக்கும் பர்சா என்ற மெல்லிய திரவப் பை உள்ளது. அதன் ஒரு பகுதி டெல்டாய்டு தசையின் கீழும் நீண்டிருக்கும். ஊசி மிக மேலே குத்தப்பட்டாலோ, மெலிந்த உடல்வாகுள்ளவருக்கு நீளமான ஊசி பயன்படுத்தப்பட்டாலோ மருந்து அந்தப் பைக்குள் சென்றுவிடலாம்.

ஊசி போட்ட இடத்தில் இரண்டொரு நாள் வலிப்பது இயல்பு; அது தானே மறையும். சிர்வா அதிலிருந்து வேறுபட்டது. நோய் எதிர்ப்பைத் தூண்டுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட பொருள் மூட்டருகே தங்கி அழற்சியை உண்டாக்குகிறது. அதே நோய்க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உடலில் ஏற்கெனவே இருந்தால் அந்த அழற்சி நீடிக்கும் என்பது மருத்துவர்களின் விளக்கம். பர்சா வீக்கம், தசைநாண் சிதைவு, ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம் ஆகியவை தொடரலாம். தலை வாரவும், சட்டை அணியவும், அந்தப் பக்கமாகப் படுக்கவும் முடியாத நிலை மாதக்கணக்கில் நீள்வதுண்டு. இயன்முறைச் சிகிச்சை, ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றால் பலர் தேறுகின்றனர். சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது.

காயத்துக்குப் பெயர் கிடைத்தல்

மேற்கையில் மிக உயரத்தில் போடப்பட்ட ஊசிக்குப் பின் தோள் செயலிழந்த இரு நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரை ஒன்று 2006இல் வெளியாயிற்று. 2010இல் ‘வேக்சின்’ இதழில் வெளிவந்த மற்றொரு கட்டுரை 13 பேரின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தது. சிர்வா என்ற பெயர் அதில்தான் முதலில் வந்தது. அதை எழுதியவர்கள் இழப்பீட்டுத் திட்டத்தில் மனுக்களைப் பரிசீலித்த மருத்துவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பணம் கேட்டு வந்த மனுக்களில் ஒரே வகையான கதை திரும்பத் திரும்ப வருவதை அவர்கள் கண்டனர்: நலமாயிருந்த தோள், ஊசி, ஒரு நாளுக்குள் வலி, பல மாத வேதனை. அரசின் எதிர்வாதத்துக்கு உதவ வேண்டிய கோப்புகளிலிருந்தே இந்தக் காயத்துக்கான மருத்துவச் சான்று பிறந்தது.

2011இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் எட்டுத் தடுப்பூசிகளின் பக்கவிளைவுகளைப் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டது. அது ஆராய்ந்த பெரும்பாலான காயங்களுக்குக் காரணத் தொடர்பை ஏற்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று கூறியது. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்ற முடிவையே சான்றுகள் ஆதரிக்கின்றன என்றது. டெல்டாய்டு பர்சா அழற்சியைப் பொறுத்தவரை, ஊசி செலுத்துதல் அதற்குக் காரணமாவதைச் சான்றுகள் ஐயமின்றி ஆதரிக்கின்றன என்று முடிவு செய்தது. எந்தக் காயங்களுக்காகச் சட்டம் பிறந்ததோ அவற்றின் காரணத் தொடர்பு தளர்ந்துவந்த காலத்தில், சட்டம் எண்ணியும் பார்க்காத ஒரு காயத்தின் காரணத் தொடர்பு உறுதிப்பட்டது.

அட்டவணையில் இடம் (2014–2017)

மனுக்களின் எண்ணிக்கை கூடியதால் 2014 ஜூலையில் சிறப்பு நடுவர் அலுவலகம், விரைவில் முடிக்கக்கூடிய வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தது. அதற்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை தோள்பட்டைக் காயங்களும் கில்லன்-பாரே வழக்குகளுமே. 2015 ஜூலையில் சுகாதாரத் துறை சிர்வாவை அட்டவணையில் சேர்க்கும் முன்மொழிவை வெளியிட்டது. இறுதி விதி 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, மார்ச் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

அவ்விதியின்படி மேற்கைத் தசையில் போடப்படும் ஊசிக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் அதற்கு முன் காயத்தை விளக்கக்கூடிய வலியோ அழற்சியோ இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். கழுத்து நரம்புக் கோளாறு போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது. இவற்றோடு, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் தங்கி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற பொது நிபந்தனையும் உண்டு. முதல் அறிகுறி தோன்றிய மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்வது பொது விதி. அட்டவணையில் புதிதாகச் சேர்ந்த காயத்துக்கு ஒரு சலுகை உண்டு: சேர்க்கப்பட்ட நாளுக்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் காயமடைந்தவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்கலாம்.

நடைமுறையில் பெரும் பூசல் 48 மணி நேரம் பற்றியதாகவே அமைந்தது. ஊசிக்குப் பின் வலிப்பது இயல்பு என்று எண்ணிப் பலர் வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டே மருத்துவரிடம் செல்கின்றனர். மருத்துவர் ‘ஒரு மாதமாகத் தோள்வலி’ என்று மட்டும் குறித்துவிட்டால், வலி எந்த நாளில் தொடங்கியது என்பதே வழக்காகிவிடும். எந்தக் கையில் ஊசி போடப்பட்டது என்பதைக்கூட மருந்துக் கடைப் பதிவேடு சில நேரம் தவறாகக் காட்டுவதுண்டு. ஊசி போட்ட இடத்தைப் படம்பிடித்து வைப்பவர் எவருமில்லை. சிறப்பு நடுவர்கள் மருத்துவக் குறிப்பையும் குடும்பத்தாரின் உறுதிமொழிகளையும் ஒப்பிட்டு முடிவு செய்கின்றனர். மருத்துவக் குறிப்பில் முதல் நாளே எழுதப்பட்ட ஒரு வரி பல மனுக்களின் தலைவிதியைத் தீர்மானித்துள்ளது.

நீக்கும் முயற்சி (2020–2021)

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2020 ஜூலை 20 அன்று சிர்வாவை அட்டவணையிலிருந்து நீக்கும் முன்மொழிவை அதே சுகாதாரத் துறை வெளியிட்டது. ஊசிக்குப் பின் ஏற்படும் மயக்கத்தையும் நீக்க அது விரும்பியது. சட்டம் தடுப்பூசியோடு தொடர்புடைய காயத்துக்கே இழப்பீடு தருகிறது. சிர்வாவோ மருந்தின் உட்பொருளால் வருவதன்று, ஊசி போடும் முறையின் பிழையால் வருவது. ஆகவே அது சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பது துறையின் வாதம். பிழை செய்தவர் பொறுப்பேற்கும் நிலை இருந்தால்தான் ஊசி போடும் முறை திருந்தும் என்றும், குவியும் தோள்பட்டை மனுக்கள் குழந்தைகளுக்கான நிதியையும் நேரத்தையும் விழுங்குகின்றன என்றும் அது கூறியது.

எதிர்வாதமும் வலுவானது. மூட்டருகே மருந்து தங்கியதால் எழும் அழற்சியை மருந்திலிருந்து முற்றாகப் பிரிக்க முடியாது. மேலும், 1986ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தியாளரோடு ஊசி போடுபவரையும் வழக்கிலிருந்து காத்தது. சிர்வா வெளியேறினால் செவிலியரும் மருந்தாளுநரும் மாநில நீதிமன்றங்களில் கவனக்குறைவு வழக்குகளைச் சந்திப்பர். காயமடைந்தவர் தவற்றை நிரூபிக்கும் சுமையை மீண்டும் சுமப்பார். கோவிட் பெருந்தொற்றின் நடுவே, நாட்டின் வரலாற்றிலேயே மிகப்பெரிய தடுப்பூசி இயக்கம் தொடங்கவிருந்த நேரத்தில் இந்த முன்மொழிவு வந்தது. சட்டப்படி அமைந்த குழந்தைப்பருவத் தடுப்பூசி ஆலோசனைக் குழு இதை ஒருமனதாக எதிர்த்தது.

ஆயினும் இறுதி விதி 2021 ஜனவரி 21 அன்று, அதாவது ஜோ பைடன் பதவியேற்ற மறுநாள், அரசிதழில் வெளியானது. அது நடைமுறைக்கு வருவதைப் புதிய நிர்வாகம் ஏப்ரல் 23 வரை தள்ளிவைத்தது. அந்நாளுக்கு முந்தைய நாளான ஏப்ரல் 22 அன்று விதி முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. சிர்வா அட்டவணையில் நீடித்தது.

வெளியே நிற்பவர்கள்

இந்த இழப்பீட்டு உரிமை காயத்தைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. புட்டியில் இருந்த மருந்தையும் பொறுத்தது. ஃப்ளூ ஊசியால் தோள் பாதிக்கப்பட்டவர் மனுச் செய்யலாம். அதே கடையில், அதே தோளில், அக்கி நோய்க்கான ஊசியால் பாதிக்கப்பட்டவர் செய்ய முடியாது. அந்த ஊசி குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கோவிட் ஊசிகளுக்கு வேறொரு திட்டம் பொருந்தும். நெருக்கடிக் காலத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அத்திட்டத்தில் ஊசி போட்ட ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்ற விசாரணை இல்லை. வலிக்கும் வேதனைக்கும் தொகை இல்லை. வழக்கறிஞர் கட்டணமும் இல்லை.

பிற நாடுகளிலும் தடுப்பூசி இழப்பீடு உண்டு. மேற்கு ஜெர்மனி 1961இலேயே அதற்குச் சட்டம் இயற்றியது. பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 1,20,000 பவுண்டை ஒரே தொகையாக வழங்குகிறது. ஆனால் குறைந்தது 60 விழுக்காடு ஊனம் ஏற்பட்டிருக்க வேண்டும். ஒரு தோள் மட்டும் பாதிக்கப்பட்டவர் அந்த அளவை எட்டுவது அரிது. ஆகவே தோள்பட்டைக் காயம் தனியொரு சட்டப் பிரிவாக வளர்ந்தது அமெரிக்காவில்தான்.

வரலாற்று இடம்

1988 முதல் இத்திட்டம் 500 கோடி டாலருக்கு மேல் வழங்கியுள்ளது. ஆண்டுதோறும் போடப்படும் கோடிக்கணக்கான ஊசிகளோடு ஒப்பிட்டால் தோள்பட்டைக் காயம் அரியதே. ஆனால் சிறப்பு நடுவர்களின் எண்ணிக்கைக்குச் சட்டம் விதித்த வரம்பு எட்டு. 1980களின் குழந்தைகளை எண்ணி வகுத்த அந்த வரம்புக்குள்ளேயே இன்றைய பெரியவர்களின் மனுக்களும் வரிசையில் நிற்கின்றன. விரைவாகத் தீர்வு தருவதாகச் சொன்ன சட்டத்தின் கீழ் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர்.

2021இன் முடிவு சிர்வாவைக் காப்பாற்றியதே தவிர, அது எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லவில்லை. துறைச் செயலர் ஒருவரின் விதியால் உள்ளே வந்த காயம் மற்றொரு செயலரின் விதியால் வெளியே போக முடியும் என்பதை அந்த ஒன்பது மாதங்கள் காட்டின. மருந்து வேறு, அதைச் செலுத்தும் ஊசி வேறு என்று பிரிப்பது சட்டப் புத்தகத்தில் எளிது. பொது நன்மைக்காகக் கையை நீட்டிய ஒருவருக்கு அந்த இரண்டும் ஒரே நொடியில் ஒரே தோளில்தான் இறங்குகின்றன. தவறு யாருடையது என்று கேட்காமல் அவருக்கு ஈடு செய்வதே 1986ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த வாக்கு. தோள்பட்டைக் காயம் அந்த வாக்கு எதுவரை செல்லும் என்பதைச் சோதித்தது. அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை.